காத்திருப்புப் பட்டியலில் எண் பதினேழு

இருபத்தாறு வருடங்களுக்கு முன்பு, கோலாலம்பூருக்கு வடக்கே ஈப்போவில் ஒரு பொய்க் கடிதம் எழுதினேன். பெயரை மட்டும் மாற்றி மாற்றி அதைப் பல வீடுகளுக்கு அனுப்பினேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. யோசனை என்னுடையது, வாசகம் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது.

அப்போது அங்கே ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டு, மாணவர் சேர்க்கையையும் கவனித்துவந்தேன். ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே இரண்டு மாடிகள், அதுதான் கல்லூரி. வருகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தோம். ஆனால் யாரும் வரவில்லை. நான் திருச்சிக்காரன். கேட்டவுடன் இடம் தருகிற கல்லூரியை நம் ஆட்கள் மதிக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் முதலில் ஒரு கடிதம் போகும்: ‘கடும் போட்டியின் காரணமாக உங்கள் பெயர் காத்திருப்புப் பட்டியலில் உள்ளது. உங்கள் எண் 17.’ இரண்டு வாரம் கழித்து இன்னொன்று: ‘நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்.’ பட்டியல் என்று எதுவும் கிடையாது. எல்லோருக்கும் பதினேழுதான். எண்ணை மாற்றி அடிக்கக்கூட நான் மெனக்கெடவில்லை.

ஒருவர் கடிதத்தை ஒருவர் பார்த்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். மாட்டார்கள். ரப்பர்த் தோட்டத்து மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேலையோ வரனோ படிப்போ, உறுதியாகிற வரைக்கும் பக்கத்து வீட்டுக்குக்கூட வாய் திறக்க மாட்டார்கள். கண் பட்டுவிடும். வந்த கடிதம் சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விடும். அந்த வழக்கத்தைத் தெரிந்துகொண்டுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன்.

பெருமாள், கோலா கங்சார் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தவர். அவர் மகள் மகேஸ்வரிக்கு அரசாங்க ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் இடம் கிடைத்திருந்தது. இரண்டு கடிதங்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, வேலை முடிந்த கையோடு பஸ் ஏறி, என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “சார், எது ஒசத்தி?” என்று கேட்டார்.

“அரசாங்கத்தில் நிறையப் பேரை எடுப்பார்கள், பெருமாள். இங்கே வடிகட்டித்தான் எடுக்கிறோம்” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஆசிரியராகியிருக்க வேண்டிய பெண் எங்கள் மாடிப்படி ஏறினாள். இரண்டாம் வருடம் கல்லூரியின் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை, மூடிவிட்டார்கள். அது மூடப்போகிறது என்பது எனக்கு மூன்று மாதம் முன்பே தெரியும். யாரிடமும் சொல்லாமல் ஊருக்கு விமானம் ஏறினேன். திருச்சியில் இன்னொரு கல்லூரியில் சேர்ந்து முதல்வராகவே ஓய்வும் பெற்றேன்.

ஓய்வுக்குப் பிறகு பயணக் கட்டுரைகள் எழுத ஆரம்பித்தேன். அப்படி ஒன்றின் கீழே அச்சாகியிருந்த என் எண்ணைப் பிடித்து, ஒரு காலைப் பொழுதில் தொலைபேசி வந்தது.

“சார், மகேஸ்வரி பேசுறேன். பெருமாள் மக. ஈப்போ காலேஜ்.”

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. “எம் மகளுக்கு மூணு பிரைவேட் யூனிவர்சிட்டிலேர்ந்து கடிதம் வந்திருக்கு. மூணும் ஈப்போவுலதான் இருக்கு. ஒவ்வொண்ணும் தான்தான் பெருசுன்னு எழுதியிருக்கு. இதுல எது பொய்னு கண்டுபிடிக்க எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான்.”

குரலில் கிண்டல் இல்லை. குழாய் ஒழுகினால் குழாய்க்காரரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டார். கடிதங்களைப் படம் எடுத்து அனுப்பம்மா என்றேன்.

“அனுப்பலாம் சார். ஆனா கடிதத்தை மட்டும் பாத்தா போதுமா? உங்க கடிதமும் நல்லாத்தானே இருந்துச்சு.”

வருகிறேன் என்று சொன்னேன்.

*

ஈப்போவின் வெயில் திருச்சி வெயில் மாதிரிதான், ஆனால் நனைந்த வெயில். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. திங்கட்கிழமை மதியம் இறங்கியதும் முதலில் எங்கள் பழைய கல்லூரியைத் தேடிப் போனேன். கீழே மரச்சாமான் கடை அப்படியே இருக்கிறது. மேலே ஒரு பல் மருத்துவர். நான் சேர்க்கைக் கடிதங்களில் கையெழுத்துப் போட்ட சன்னலில், சிரிக்கிற பெரிய பல் ஒன்று ஒட்டியிருந்தது.

மகேஸ்வரி சந்திக்கச் சொன்ன இடம், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் ஷாகுல் என்பவரின் சாப்பாட்டுக் கடை. சுண்ணாம்புக் குன்று கடைக்குப் பின்னால் செங்குத்தாக நிற்கிறது, முன்னால் மோட்டார் சைக்கிள்கள் வரிசை. ஷாகுலின் தாத்தா இராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். நான் ஊரைச் சொன்னதும் கேட்காமலேயே மீன் கறியை இன்னொரு கரண்டி ஊற்றினார். பல்கலைக்கழகங்களைப் பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எந்த யூனிவர்சிட்டி பெருசுன்னு எங்கிட்ட கேளுங்க சார். பார்க்கிங் கெடைக்காத யூனிவர்சிட்டிதான் பெருசு.”

“படிப்பு?”

“படிப்பை நான் எங்க பாக்குறது? சாப்பாட்டைப் பாப்பேன். பரீட்சை வந்தா சில பிள்ளைங்க ஒரே ஒரு தே தாரேக், ஒரு கிளாஸ் டீ, அதை வச்சிக்கிட்டு மூணு மணி நேரம் மேசையை விட மாட்டாங்க. அது நல்ல யூனிவர்சிட்டி. எனக்குத்தான் நட்டம்.”

மகேஸ்வரி மகளோடு வந்தார். நாற்பத்து நான்கு வயதிருக்கும். தொழிற்சாலைச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை. ரப்பர்க் கையுறைத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர். வணக்கம் சொன்னேன். “சாப்ட்டீங்களா சார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு, கடிதங்களை எடுத்து மேசைமேல் விரித்தார். பழைய கதை எதுவும் பேசவில்லை. நானும் மன்னிப்பை வாயில் வைத்துக்கொண்டு மீன் கறியோடு சேர்த்து விழுங்கினேன்.

மகள் யாழினி ஆறாம் படிவம், நம் ஊர்ப் பிளஸ் டூ மாதிரி, முடித்தவள். இயன்முறை மருத்துவம் படிக்க விரும்புகிறாள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு கிடைக்கவில்லை. முதல் கடிதம் பளபளப்பான தாளில் இருந்தது: ‘கடும் போட்டிக்கு நடுவே நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள். இடங்கள் மிகக் குறைவு. வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்யவும்.’ படிக்கும்போதே எனக்குக் காது சூடாகியது. வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள், ஆனால் என் கை. இரண்டாம் கடிதம் ஒரே பத்தி: தகுதி இருக்கிறது, இடம் இருக்கிறது, பதிவு நாளில் வரவும். மூன்றாவதில் இடம் தருவதாகவே இல்லை, புதன்கிழமை நேர்காணலுக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

“எங்க தாத்தா மொத லெட்டரைத்தான் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு” என்றாள் யாழினி. “தாத்தாவுக்குக் கஷ்டப்பட்டுக் கெடைச்சாத்தான் நல்லதுலா. சும்மா வான்னு கூப்பிட்டா அது கோசோங்காம்.”

கோசோங் என்றால் காலி, வெறுமை. பெருமாள் உயிரோடு இருக்கிறார் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

“அப்பாதான் சார் முடிவு சொல்லணும்” என்றார் மகேஸ்வரி. “பாதிச் செலவு அவரு சேமிப்புலேர்ந்து. வெள்ளிக்கிழமை மொத எடத்துல கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் திரும்ப முடியாது.”

நான்கு நாட்கள் இருந்தன. வயதையும் மூட்டு வலியையும் பார்க்காமல் மூன்றையும் நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இந்தக் கட்டுரையில் அவற்றின் பெயர்களை எழுதப்போவதில்லை. கண்ணாடிப் பல்கலைக்கழகம், சுவர்ப் பல்கலைக்கழகம், நேர்காணல் பல்கலைக்கழகம் என்றே சொல்கிறேன்.

*

செவ்வாய்க்கிழமை மகேஸ்வரி விடுப்பு எடுத்துக்கொண்டு, யாழினியையும் கூட்டிக்கொண்டு காரோட்டி வந்தார்.

கண்ணாடிப் பல்கலைக்கழகம் ஒரு வணிக வளாகத்தை ஒட்டியிருக்கிறது. உள்ளே போனதும் குளிர் அறைந்தது. திருச்சியில் நகைக்கடைகளில்தான் இப்படிக் குளிரும், இப்படித் தண்ணீர் பாட்டிலும் கொடுப்பார்கள். சேர்க்கை ஆலோசகர் ஒரு சீனப் பெண், சின்ன வயது, நல்ல பெண். ஆங்கிலத்தில் பேசினார்.

“சென்ற முறை எத்தனை பேருக்கு இடமில்லை என்று சொன்னீர்கள்?” என்று கேட்டேன்.

“ஒவ்வொரு மாணவரையும் நாங்கள் முழுமையாகப் பார்க்கிறோம், அங்கிள்.”

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ஆறு வருடம் நானே அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை உடைத்துப் பார்க்கும் வேகத்தில், எனக்கு ஒரு பேரன் இருக்கிறான், உயிரியலிலும் வேதியியலிலும் தேறவில்லை, அவனுக்கும் இதே படிப்பு வேண்டும் என்றேன்.

“கவலையே வேண்டாம். விண்ணப்பம் கொடுங்கள். அவனுக்கும் இந்த வாரமே கடிதம் தந்துவிடலாம்.”

வெற்றியோடு வெளியே வந்தேன். கார் கதவைத் திறந்துகொண்டே மகேஸ்வரி கேட்டார்: “உங்களுக்கு ஏது சார் அப்படி ஒரு பேரன்?”

“இல்லை. சும்மா சோதித்துப் பார்த்தேன்.”

“சரி, கண்டுபிடிச்சிட்டீங்க.” சாவியைத் திருகினார். “ஆனா அடுத்த எடத்துல பொய் சொல்லாம கேளுங்க. நேராக் கேட்டா நேராச் சொல்ற எடம்தான் எனக்கு வேணும்.”

எழுபத்து மூன்று வயதில், ஒரு காலத்தில் என் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவரிடம் திட்டு வாங்கினேன். வழியில், அவர் வேலையைப் பற்றிக் கேட்டேன். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவார்களாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து, ஒரு விரல் நுனியில் சொட்டு நிற்கும். “இருபது வருசமா ஓட்டை பாக்குறேன் சார்” என்றார். அப்பா பால் எடுத்தார், மகள் அதே பாலில் ஓட்டை தேடுகிறார் என்று தோன்றியது.

சுவர்ப் பல்கலைக்கழகத்துக்குக் கண்ணாடி கிடையாது. மஞ்சள் பூசிய நான்கு கட்டடங்கள், நடுவில் உணவகம், அதில் பூனைகள். சேர்க்கை அலுவலகத்தின் சுவர் முழுக்கப் பெரிய எழுத்தில் எந்தப் படிப்புக்கு என்ன மதிப்பெண் வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். முகப்பில் ஒரு மலாய் அம்மா. நேராகவே கேட்டேன்.

“அந்த மதிப்பெண் இருந்தால் எடுப்போம். இல்லாவிட்டால் எடுக்க மாட்டோம்.”

“போட்டி?”

“போட்டி எதற்கு? இடம் இருக்கிறதே.” என் முகத்தைப் பார்த்தார். “நீங்கள் ஏன் வருத்தப்படுகிறீர்கள், பாக்சிக்?”

பாக்சிக் என்பது பெரியவரை அழைக்கும் சொல். நான் வருத்தப்பட்டேன் என்பது உண்மை. எல்லோரையும் எடுக்கிறோம் என்று ஒருவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த அம்மா எழுந்து வந்து ஆய்வுக்கூடத்தைக் காட்டினார். மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்புகிற மருத்துவமனைகளின் பட்டியலைக் காட்டினார். படிப்பு அரசாங்கத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கும் பக்கத்தைக் கணினியில் திறந்து, திரையை எங்கள் பக்கம் திருப்பினார். “முதல் வருடம் உடற்கூற்றியலில் நிறையப் பேர் திணறுவார்கள். அழுவார்கள். திரும்ப எழுதுவார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்” என்றார்.

நான் என் குறிப்பேட்டில் ‘நேர்மை: நிறைய. மதிப்பு: குறைவு’ என்று எழுதினேன். மகேஸ்வரி எட்டிப் பார்த்தார்.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஈப்போ மழை தூறிப் பார்த்து முடிவு செய்கிற மழை இல்லை. காருக்கு ஓடும்போது என் வலது கால் ஷூவின் அடிப்பாகம் அப்படியே கழன்று தண்ணீரோடு போயிற்று. பயணத்துக்கென்று பீரோவில் பல வருடம் வைத்திருந்த சோடி. இரண்டடி போவதற்குள் இடதும் கழன்றது. மேல்பாகம் மட்டும் காலில் மாட்டியபடி நின்றேன். யாழினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மாவும் சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்துப் பார்த்தது அப்போதுதான். பக்கத்துக் கடையில் ஒரு சோடி நீல ரப்பர்ச் சிலிப்பர் வாங்கிக் கொடுத்தார். என் கால் அளவுக்கு ஷூ அங்கே அகப்படாததால், மீதி நாட்கள் முழுக்க அதுதான்.

*

புதன்கிழமை மகேஸ்வரிக்கு வேலை. யாழினி தோழியோடு முன்பே நேர்காணலுக்குப் போய்விட்டாள். நேர்காணல் பல்கலைக்கழகத்துக்கு நான் தனியாக வாடகைக் கார் பிடித்தேன். அது ஒரு பெரிய மருத்துவமனைக்கு எதிரே இருக்கிறது. ஓட்டுநர் என் நரையையும் சிலிப்பரையும் பார்த்தார், என்னை விசாரிக்காமலேயே அவசரப் பிரிவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நான் சுதாரிப்பதற்குள் ஓர் ஆண் தாதி சக்கர நாற்காலியோடு வந்துவிட்டார். நான் நோயாளி அல்ல, பல்கலைக்கழகத்துக்குப் போகிறேன் என்றேன். “முதலில் ரத்த அழுத்தத்தைப் பார்ப்போம், அங்கிள், படிப்பு அப்புறம்” என்றார். அளவு கொஞ்சம் கூடுதலாம். சாலையைக் கடக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

யாழினி உள்ளேயிருந்து வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

“நல்லா மாட்டிக்கிட்டேன் சார். முழங்கால் நரம்பைப் பத்திக் கேட்டாங்க. தெரியலன்னு சொல்லிட்டேன்.”

“சமாளித்திருக்கலாமே?”

“சமாளிச்சாக் கண்டுபிடிச்சிருவாங்க போல இருந்துச்சு.”

நேர்காணல் நடத்திய பேராசிரியரைச் சந்திக்க அனுமதித்தார்கள். யாழ்ப்பாணத்து வேர் கொண்ட குடும்பம், ஈப்போவில் நான்காம் தலைமுறை. ஆங்கிலம்தான் பேசினார். எத்தனை பேரை மறுப்பீர்கள் என்று கேட்டேன்.

“பாதிக்கு மேல். பத்து நாளில் கடிதம் போகும். எடுக்கவில்லையென்றால் ஏன் எடுக்கவில்லை என்று எழுதுவோம்.”

“எல்லோருக்குமா?”

“காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பினால், அது வாழ்நாள் முழுக்கத் தன்னையே குறை சொல்லிக்கொண்டிருக்கும்.”

எனக்கு இதுதான் இடம் என்று பட்டது. உண்மையான பெருமை, உண்மையான வடிகட்டல். குறிப்பேட்டில் இதை முதலில் வைத்து, அடியில் இரண்டு கோடு போட்டேன். யாழினிக்கு இங்கே இடம் கிடைக்கும் என்றும் உறுதியாக நம்பினேன். மாலையில் மூவரும் ஷாகுல் கடையில் உட்கார்ந்து பேசினோம். கண்ணாடி வேண்டாம். நேர்காணல் முடிவுக்குக் காத்திருப்பது. கிடைக்காவிட்டால் சுவர்ப் பல்கலைக்கழகம், அங்கே பதிவு நாள்வரை இடம் போகாது.

“எல்லாம் சரி” என்றாள் யாழினி. “தாத்தாகிட்ட யாரு சொல்றது?”

மகேஸ்வரி என்னைப் பார்த்தார்.

*

வியாழக்கிழமை காலை மூவரும் கடிதங்களோடு தோட்டத்துக்குப் போனோம். தோட்டம் என்று பழக்கத்தில் சொல்கிறேன். பால்மரங்கள் போய் வருடக்கணக்காகிறது. இருபுறமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. தொழிலாளர்கள் இருந்த பழைய லயத்து வரிசை வீடுகளை இடித்துவிட்டு, குடும்பங்களுக்குச் சாலை முனையில் சின்னச் சின்ன வீடுகள் கொடுத்திருக்கிறார்கள், ஒரே சுவரை இரண்டு வீடு பகிர்ந்துகொள்கிற வரிசை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் கடைசிக் கொஞ்சத் தூரத்தைச் சிலிப்பரில் சேறு அடித்துக்கொண்டே நடந்தோம்.

பெருமாள் என்னை அடையாளம் கண்டதும் உள்ளே ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எண்பதை நெருங்குகிறார். “என் பேத்திக்காக ஊர்லேர்ந்து வந்தீங்களா சார்! ஒக்காருங்க, ஒக்காருங்க.” தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. சுவரில், முருகன் படத்துக்குப் பக்கத்தில், சட்டம் போட்டு மாட்டியிருந்தது என் தேர்வுக் கடிதம். என் கையெழுத்து மட்டும் மங்காமல் இருந்தது.

“அந்தக் காலத்துல நீங்க வடிகட்டி எடுத்தீங்க” என்றார். “இவதான் கோட்டை விட்டுட்டா. காலேஜ் மூடினப்பக்கூட நல்லாப் படிச்ச பிள்ளைங்களைக் கோலாலம்பூர் காலேஜுக்கு மாத்துனாங்க. இவ பேரு அதுல வரல.”

“இருபத்தஞ்சு வருசமா இதே கேசட்டு” என்றார் மகேஸ்வரி, யாரையும் பார்க்காமல். மாற்றப்பட்டவர்கள் அங்கே மறுபடி கட்டணம் கட்ட முடிந்தவர்கள் என்று என்னிடம் காரில் சொல்லியிருந்தார்.

நான் தேநீரைக் கீழே வைத்தேன். “பெருமாள் அண்ணே” என்றேன். அவரை அண்ணே என்று அதற்கு முன் நான் அழைத்ததில்லை. “யாரையும் வடிகட்டி எடுக்கவில்லை. வந்த எல்லோரையும் எடுத்தோம். போட்டி, பட்டியல் எல்லாம் நான் எழுதிய பொய். நீங்கள் எது ஒசத்தி என்று கேட்டபோதும் பொய் சொன்னேன். உங்கள் மகள் எதையும் கோட்டை விடவில்லை.”

பெருமாள் சிரித்தார். நான் எதிர்பார்க்காதது அது ஒன்றுதான்.

“சார், எம் புள்ள மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க. பெரிய மனசு உங்களுக்கு. அதுக்காக உங்க பேரையே கெடுத்துக்குவீங்களா?”

எத்தனை விதமாகச் சொல்லியும் தலையை ஆட்டிச் சிரித்தார். பொய்யை நான் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தேன். அந்தச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று தோன்றியது.

“அண்ணே, இந்தக் கடிதத்துக்கு முன்னால் ஒன்று வந்ததே, அதை வைத்திருக்கிறீர்களா?”

“பத்திரமா இருக்கு. இதுக்குப் பின்னாடியேதான் வச்சிருக்கேன்.”

“அதில் ஒரு எண் இருக்கும். பதினேழு.”

சிரிப்பு நின்றது. பெருமாளுக்கு எழுத்து அதிகம் தெரியாது. ஆனால் ஆயுள் முழுக்கப் பால் நிறுவையைப் பார்த்தவர், எண் தெரியும். சட்டத்தைக் கழற்றி, பின்பலகையை நகத்தால் நெம்பி, மடித்திருந்த தாளை எடுத்துப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார்.

“உங்களுக்கு எப்படி இது ஞாபகம்?”

“ஞாபகம் வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? எல்லோருக்கும் பதினேழுதான்.”

அவர் எழுந்து வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்: “அஞ்சலை! ஏ அஞ்சலை! ஒம் மவனும் அந்தக் காலேஜுலதானே சேந்தான்? மொதல்ல வந்த கடிதம் இருக்கா?”

அஞ்சலை என்ற அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, அதற்கெல்லாம் அடியில் அந்தக் கடிதம். பெருமாள் இரண்டையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். பதினேழு. பதினேழு.

“நீங்க சொல்லவே இல்லியே அண்ணே” என்றார் அஞ்சலை.

“நீயும்தான் சொல்லல.”

“கண்ணு பட்டுடுமேன்னு…” பாதியில் நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். “அடப் பாவி மனுசா! சாருன்னு கும்பிட்டோமே! எம் மவன் செம்பனை லோரி ஓட்டுறான். வெளிய வழியை மறிச்சிக்கிட்டு நிக்குதே, அதுதான். பதினேழாவது ஆளுக்கு வேற என்ன கெடைக்கும்?”

நான் எழுந்து கை கூப்பினேன். அஞ்சலை இன்னும் கொஞ்சம் திட்டினார், எல்லாமே நியாயமான திட்டு. கடைசியில் பெருமாள் மகளிடம் கேட்டார்: “ஏம்மா நீ எங்கிட்ட சொல்லல?”

“சொன்னேன்ப்பா. காலேஜே பொய்னு எத்தனையோ தடவை சொன்னேன். படிக்க முடியாம சாக்குச் சொல்றேன்னு சொன்னீங்க. கையெழுத்துப் போட்டவரே வந்து சொன்னாத்தான் நம்புவீங்கன்னு தெரியும்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று கடிதங்களைப் படிக்க மகேஸ்வரிக்கு நான் தேவைப்படவே இல்லை. எது ஓட்டை என்பதை அவர் முதல் நாளே பார்த்திருப்பார். அவர் என்னைக் கடல் தாண்டி வரவழைத்தது இந்த ஒரு வாசலுக்காக.

பெருமாள் பளபளப்பான கடிதத்தைப் பேத்தியிடம் நீட்டினார். “இது வேணாம்” என்றார். பிறகு என்னிடம், “எங்கிட்ட எதுக்குச் சார் கும்புடுறீங்க? அவகிட்டக் கேளுங்க” என்றுவிட்டு, பின்கட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் கிளம்புகிறவரை வெளியே வரவில்லை.

காருக்கு நடக்கும்போது மகேஸ்வரியிடம் கேட்டேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த நீண்ட வாக்கியம் எதுவும் வரவில்லை. மன்னித்துவிடம்மா என்று மட்டும் சொன்னேன்.

“அதுக்கெல்லாம் நேரம் ஆகும் சார்” என்றார். “இப்பப் போற வழியில பெட்ரோல் ஊத்தணும்.”

*

வெள்ளிக்கிழமை ஊர் திரும்பினேன். நீலச் சிலிப்பரில் திருச்சியில் இறங்கிய என்னை என் மகன் விசித்திரமாகப் பார்த்தான்.

அஞ்சலை சும்மா இருக்கவில்லை. என் எண்ணை மகேஸ்வரியிடம் கேட்டு வாங்கி, தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். மூன்று பேர் கூப்பிட்டார்கள். ஒருவர் அரை மணி நேரம் திட்டினார், கேட்டுக்கொண்டேன். இன்னொருவர் தன் அம்மா தன்னை மக்கு என்று நினைத்தபடியே இறந்துபோனார் என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். மூன்றாமவர் தன் தகப்பனாரிடம் போனைக் கொடுத்து, “அவருகிட்டச் சொல்லுங்க” என்றார். சொன்னேன். இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது அந்தக் கடிதம் இருந்தால், அவர்களுக்கும் சொல்கிறேன். அது நான் எழுதியது. நீங்கள் பதினேழாவது ஆள் இல்லை.

மூன்று வாரம் கழித்து மகேஸ்வரியிடமிருந்து ஒரு படமும் ஒரு குரல் பதிவும் வந்தன. படம், நேர்காணல் பல்கலைக்கழகத்தின் கடிதம். யாழினியை எடுக்கவில்லை. என் இரண்டு கோடும் வீண். எந்தெந்தக் கேள்விகளில் தடுமாறினாள், எந்தப் பாடத்தில் அடித்தளம் போதவில்லை என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். கடைசி வரியில், தெரியாததைத் தெரியாது என்று சொன்னதை மதிக்கிறோம் என்றும் இருந்தது.

குரல் பதிவை நான்கைந்து முறை கேட்டேன்.

“சார், யாழினி மஞ்சக் கட்டடத்துல சேந்துட்டா. ஒடற்கூறு படிச்சிட்டு மொத வாரமே அழுதாச்சு, அந்த அம்மா சொன்ன மாதிரியே. இந்தக் கடிதத்தை அப்பாகிட்டக் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நம்பர் எங்கன்னு கேட்டாரு. நம்பர் இல்ல தாத்தா, காரணம்தான் இருக்குன்னு சொல்லி யாழினி ஒவ்வொரு வரியாப் படிச்சுக் காட்டினா. கேட்டுட்டு, உங்க கடிதத்தைக் கழட்டிட்டு அந்தச் சட்டத்துல இதை மாட்டச் சொல்லிட்டாரு. அங்கதான் இருக்கு, முருகன் பக்கத்துல.”